மேசையில் கிடந்த கைப்பேசி ஏன் 9.8 காட்டியது?

மாணவர்களே, இந்த வாரப் பாடத்தை நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு ஒருநாள், பாடம் முடிந்து மணி அடித்த பிறகும் படிவம் நான்கு மாணவன் ஒருவன் என் மேசையருகே நின்றுகொண்டிருந்தான். வகுப்பில் அதிகம் பேசமாட்டான். கைப்பேசி விளையாட்டைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் அவன் முகத்தில் வெளிச்சம் வரும். அண்ணன் பயன்படுத்திய பழைய கைப்பேசி அப்போதுதான் அவன் கைக்கு வந்திருந்தது. அதன் உணரிகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்க ஃபைஃபாக்ஸ் என்ற சிறிய செயலியைப் பதிவிறக்கம் செய்திருந்தான். பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர முடியாது அல்லவா? ஆகவே அது காட்டிய மூன்று எண்களைப் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வந்திருந்தான்: 0.12, -0.08, 9.86.

"டீச்சர், போன் மேசையில சும்மாதான் கிடக்குது. ஆனா முடுக்கம் 9.86னு காட்டுது. கெட்டுப்போச்சா?"

நான் யோசிக்கவே இல்லை. ஓய்வில் இருக்கும் பொருளின் திசைவேகம் மாறுவதில்லை. திசைவேகம் மாறாவிட்டால் முடுக்கம் சுழியம். எனவே உணரி பழுது, இல்லையென்றால் செயலி சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆசிரியர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? அன்று மாலையே அவன் அந்தச் செயலியை அழித்துவிட்டான்.

வாரயிறுதியில் எனக்கே உறுத்தியது. அதே செயலியை என் கைப்பேசியில் இறக்கி மேசையில் வைத்தேன். 9.8. என் கணவரின் கைப்பேசியையும் வாங்கிச் சோதித்தேன். அதுவும் 9.8க்குப் பக்கத்திலேயே நின்றது. மூன்று கைப்பேசிகளும் ஒரே அளவுக்குக் கெட்டுப்போயிருக்க முடியாது. கெட்டிருந்தது என் பதில்தான்.

பெட்டிக்குள் ஒரு சிறு கட்டி

ஃபைஃபாக்ஸ், ஜெர்மனியில் உள்ள ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர்கள் 2016இல் வெளியிட்ட இலவசச் செயலி. இதில் புள்ளிகள் கிடையாது, பரிசு கிடையாது, 'ஏன் இன்று வரவில்லை?' என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும் செய்திகளும் கிடையாது. கைப்பேசிக்குள் இருக்கும் உணரிகள் என்ன அளக்கின்றனவோ அதை அப்படியே வரைபடமாகக் காட்டும். அவ்வளவுதான். எனக்குப் பிடித்த செயலிகள் எல்லாமே இந்த இனத்தைச் சேர்ந்தவை. ஒரே ஒரு வேலை. அதை ஒழுங்காகச் செய்யும்.

அது காட்டும் எண்ணைத் தருவது முடுக்கமானி. சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சில்லு. அதற்குள் சிலிக்கானால் ஆன மிகச் சிறிய கட்டி ஒன்று, சிலிக்கானாலேயே செய்த வில்களால் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். கட்டியிலிருந்து சீப்பின் பற்களைப் போன்ற தகடுகள் நீண்டிருக்கும்; சட்டத்திலிருந்தும் அதேபோன்ற பற்கள் நீண்டு இவற்றினிடையே நிற்கும். கட்டி சற்றே நகர்ந்தாலும் பற்களுக்கு இடையிலான இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் மின்தேக்குத் திறன் மாறும். கட்டி நகரும் தொலைவு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதையும் அந்தச் சில்லு கண்டுபிடித்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சில்லுக்குத் தெரிந்ததெல்லாம் வில் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பது மட்டும்தான்.

உணவுக்கடையில் ஐஸ் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டித் தருவார்கள் அல்லவா? அந்தப் பையை ஒரு ரப்பர் வளையத்தில் மாட்டி, வளையத்தை விரலில் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். பையும் அசையவில்லை, நீங்களும் அசையவில்லை. ஆனாலும் ரப்பர் இழுபட்டுத்தான் இருக்கும். ஏன்? பையைப் பூமி கீழே இழுக்கிறது. உங்கள் விரல் ரப்பரின் வழியாக அதைத் தாங்குகிறது. இப்போது விரலை விட்டுவிட்டால் (தேநீர் வீணாகும், மனத்தளவில் மட்டும் விடுங்கள்) பையும் ரப்பரும் சேர்ந்து விழும். அந்த ஒரு கணத்தில் ரப்பர் தளர்ந்து போகும்.

மேசையில் கிடக்கும் கைப்பேசியிலும் இதே கதைதான். மேசை கைப்பேசியின் உடலை மேல்நோக்கித் தாங்குகிறது. உள்ளே இருக்கும் கட்டியையோ வில் தாங்க வேண்டியிருக்கிறது. வில் இழுபடுகிறது, சில்லு 9.8 என்கிறது. ஈர்ப்பு விசை கட்டியையும் சட்டத்தையும் ஒரே அளவில் முடுக்கப் பார்ப்பதால், ஈர்ப்பு மட்டும் செயல்படும்போது வில்லில் எந்த மாற்றமும் வராது. ஆகவே முடுக்கமானியால் ஈர்ப்பை நேரடியாக உணரவே முடியாது. அது உணர்வது மேசையின் தாங்கு விசையை. பாடநூலில் நாம் படிக்கும் முடுக்கமும் இந்தச் சில்லு காட்டும் எண்ணும் ஒன்றல்ல. என் தவறு அங்கேதான் நிகழ்ந்தது.

சோதிப்பது எளிது. ஃபைஃபாக்ஸில் முடுக்கத்துக்கு இரண்டு சோதனைகள் இருக்கும். ஒன்று ஈர்ப்பைக் கணக்கிட்டுக் கழித்துவிடும், மற்றது கழிக்காது. கழிக்காததைத் திறந்து பதிவைத் தொடங்குங்கள். மெத்தைமேல் தடித்த தலையணையை வைத்து, அதற்கு 50 சென்டிமீட்டர் உயரத்தில் கைப்பேசியைக் கிடைநிலையாகப் பிடித்து, சுழலாமல் நழுவ விடுங்கள். விழும் நேரம் எவ்வளவு? தொலைவின் இரு மடங்கை 9.8ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 0.32 வினாடி. வரைபடத்தில் 9.8இல் ஓடிக்கொண்டிருந்த கோடு சட்டென்று சுழியத்துக்கு அருகில் இறங்கி, ஏறத்தாழ அவ்வளவு நேரம் அங்கேயே நிற்கும். பிறகு தலையணையில் மோதும்போது ஓர் ஊசிபோல் மேலே பாயும். பாடநூல் 9.8 என்று சொல்லும் தடையற்ற வீழ்ச்சியில் கைப்பேசி சுழியம் என்கிறது. பாடநூல் சுழியம் என்று சொல்லும் ஓய்வில் கைப்பேசி 9.8 என்கிறது. இரண்டும் சரியே. கைப்பேசி விழும்போது சுழன்றால் மட்டும் கோடு சுழியத்தைத் தொடாமல் சற்று மேலே நிற்கும்.

திங்கட்கிழமை வகுப்பில் நுழைந்ததும் அந்த மூன்று எண்களையும் வெண்பலகையில் எழுதி, "போன வாரம் நான் சொன்னது தவறு. இவனுடைய கைப்பேசி சரியாகத்தான் இருக்கிறது" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். மறுநாள் செயலியை மீண்டும் இறக்கிவிட்டதாகச் சொன்னான். அதன்பிறகு அவன் கேட்காத கேள்வி இல்லை.

டூடுல் ஜம்ப் எந்த எண்ணைப் பார்க்கிறது?

அவனுடைய அடுத்த கேள்வி ஒரு விளையாட்டைப் பற்றியது. 2009இல் வெளிவந்த டூடுல் ஜம்ப் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கணக்குப் புத்தகத்தின் கட்டங்களைப் போன்ற பின்னணி. நான்கு கால்களும் நீண்ட மூக்கும் கொண்ட பச்சை நிறச் சிறு உயிரி. அது தானாகவே குதித்துக்கொண்டிருக்கும். நீங்கள் கைப்பேசியை இடமாகவோ வலமாகவோ சாய்த்து, அடுத்த படியில் அதை இறங்க வைக்க வேண்டும். கற்றுக்கொள்ள பத்து வினாடி போதும். விளக்கம் படிக்க வேண்டியதில்லை. கை சாயும் அளவுக்கு உயிரி நகரும் என்பதை உங்கள் கை தானே புரிந்துகொள்ளும். இது தற்செயலாக அமைவதன்று.

முடுக்கமானி மூன்று அச்சுகளில் அளக்கிறது. திரைக்குக் குறுக்கே போவது எக்ஸ், நெடுக்கே போவது ஒய், திரைக்குச் செங்குத்தாக நிற்பது இசட். கைப்பேசியை முகத்துக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தால் 9.8 முழுவதும் ஒய் அச்சில் விழும், எக்ஸ் சுழியம். இப்போது பக்கவாட்டில் சாய்த்தால் அந்த 9.8 இரண்டு அச்சுகளுக்கும் பங்கிடப்படும். சாய்வுக் கோணத்தின் சைனை 9.8ஆல் பெருக்கினால் எக்ஸின் பங்கு. கோசைனைப் பெருக்கினால் ஒய்யின் பங்கு. படிவம் மூன்று கணிதத்தில் பார்த்த அதே சைன், கோசைன்தான்.

கணக்குப்பொறியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 5 பாகை சாய்த்தால் எக்ஸ் 0.85, ஒய் 9.76. 10 பாகை சாய்த்தால் எக்ஸ் 1.70, ஒய் 9.65. அதாவது முதல் 10 பாகைக்குள் எக்ஸ் 1.70 மாறுகிறது, ஒய்யோ 0.15 மட்டுமே மாறுகிறது. பதினோரு மடங்கு வித்தியாசம்! விளையாட்டை வடிவமைப்பவர் ஒய்யைப் பார்த்து உயிரியை நகர்த்தினால், நாம் கையை வளைத்து வளைத்து ஆட்டினால்தான் அது அசையும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இடப்பக்கம் 10 பாகை சாய்த்தாலும் வலப்பக்கம் 10 பாகை சாய்த்தாலும் ஒய் அதே 9.65தான். எந்தப் பக்கம் என்பதே அதற்குத் தெரியாது. எக்ஸுக்கோ குறி மாறும். ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல். எதை அளக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வடிவமைப்பு முடிந்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் நாம் ஒரு சார்பு மாறியைத் தேர்ந்தெடுப்பதும் இதே வேலைதான்.

நடுங்கிய பந்து

பையன் அதோடு நிற்கவில்லை. எம்.ஐ.டி.யின் ஆப் இன்வென்டரில் வண்ணக் கட்டைகளை அடுக்கித் தானே ஒரு விளையாட்டைச் செய்யத் தொடங்கினான். கைப்பேசியைச் சாய்த்தால் ஒரு பந்து உருண்டு குழியில் விழ வேண்டும். எக்ஸை நேராகப் பந்தின் இடத்துக்குக் கொடுத்தான். இரண்டு நாள் கழித்து வாடிய முகத்தோடு வந்தான்.

"டீச்சர், பந்து நடுங்கிக்கிட்டே இருக்கு. பார்க்கவே கேவலமா இருக்கு. எனக்கு இதெல்லாம் வராது."

பந்து நடுங்குவதற்கு அவன் திறமைக் குறைவு காரணமல்ல. மனிதக் கை எப்போதும் இலேசாக நடுங்கும். உணரியின் அளவீட்டிலும் சிறு தடுமாற்றம் இருக்கும். உணரி அதையெல்லாம் உண்மையாகச் சொல்லிவிடுகிறது. நல்ல விளையாட்டுகள் அந்த எண்ணை அப்படியே பயன்படுத்துவதில்லை. சற்று ஆற வைத்துப் பயன்படுத்துகின்றன. வழி இதுதான்:

புதிய மதிப்பு = 0.9 × பழைய மதிப்பு + 0.1 × இப்போதைய அளவீடு

ஒன்பது கரண்டி பழைய குழம்பில் ஒரு கரண்டி புதியதைக் கலப்பது போல. ஒரே ஓர் அளவீடு எகிறிக் குதித்தாலும் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். அடுத்த அளவீடு எதிர்ப்பக்கம் குதித்து அதைச் சமன் செய்துவிடும். நடுக்கம் அடங்கும்.

ஆனால் இதற்கு விலை உண்டு. நீங்கள் உண்மையாகவே கையைச் சாய்த்தாலும் பந்து அதை உடனே முழுமையாக நம்பாது. வினாடிக்கு 60 முறை இந்தக் கணக்கு நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஏழு சுற்று முடிந்தபின் 0.9இன் ஏழாம் அடுக்கு, அதாவது 0.48 அளவுக்குப் பழையது மிச்சமிருக்கும். பந்து பாதித் தொலைவைச் சற்றே தாண்டியிருக்கும். நேரம் 0.12 வினாடி. பத்தில் ஒன்பது பங்கை எட்ட 22 சுற்று, 0.37 வினாடி. வேகமான விளையாட்டுக்கு அது அதிகம்.

நடுக்கம் அறவே வேண்டாம் என்று அவன் 0.9ஐ 0.99 ஆக்கிப் பார்த்தான். பாதித் தொலைவுக்கே 69 சுற்று பிடித்தது. ஒரு வினாடிக்கு மேல். "எருமை மாதிரி திரும்புது டீச்சர்" என்றான். 0.5 ஆக்கினால் பந்து உடனே திரும்பியது. ஆனால் நடுக்கமும் திரும்பி வந்தது. ஒரு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்து, தங்கையிடம் கொடுத்து விளையாடச் சொல்லி, கடைசியில் 0.8இல் நிறுத்தினான். அதில் மூன்று சுற்றில் பாதித் தொலைவு. தங்கை எதுவும் குறை சொல்லாமல் விளையாடினாளாம். அதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? ஒரு விளையாட்டு 'கைக்கு இதமாக இருக்கிறது' என்று சொல்கிறோமே, அந்த இதம் இப்படி யாரோ ஒருவர் பொறுமையாகத் தேடிக் கண்ட ஓர் எண்ணில் இருக்கிறது.

திருப்பி வைக்காமல் நம்பாதே

இன்னொரு சிறு செயலியையும் சொல்லிவிடுகிறேன். ரசமட்டம். கொத்தனார் சுவர் எழுப்பும்போது வைத்துப் பார்ப்பாரே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும், அதுதான். இதன் வேலையைக் கைப்பேசியின் முடுக்கமானியே செய்துவிடும். ஐபோனில் அளவுச் செயலியோடு சேர்ந்தே வருகிறது. மற்ற கைப்பேசிகளுக்கு இலவசமாகக் கிடைப்பவை ஏராளம். (இறக்கும்போது அது என்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். மேசையின் சாய்வைச் சொல்லும் ஒரு செயலிக்கு உங்கள் நண்பர்களின் தொலைபேசி எண்கள் எதற்கு? கேட்டால் வேறு செயலியைத் தேடுங்கள்.)

வீட்டில் சாமி அலமாரி மாட்டும்போது நான் கைப்பேசியை அதன்மேல் படுக்க வைத்துப் பார்த்தேன். 1.2 பாகை சாய்வு என்றது. அப்பா சிரித்தார். அவர் தம் பழைய ரசமட்டத்தை ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டு, அதையே இடவலமாகத் திருப்பி மறுபடியும் வைத்துப் பார்த்த பிறகுதான் எதையும் நம்புவார். "நீயும் திருப்பி வை" என்றார். தலைமாற்றி வைத்தேன். இப்போது 0.4 பாகை என்றது, அதே பக்கக் குறியோடு.

அலமாரியின் உண்மையான சாய்வும் கைப்பேசியின் சொந்தப் பிழையும் சேர்ந்ததே முதல் எண். திருப்பி வைத்தபோது, கைப்பேசியின் பார்வையில் அலமாரியின் சாய்வு எதிர்க்குறியாகிவிடும். பிழை மட்டும் மாறாது. எனவே இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் பிழை: 0.8 பாகை. கழித்துப் பாதியாக்கினால் அலமாரியின் சாய்வு: 0.4 பாகை. பிழையில் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது என்று கைப்பேசியைத் திருப்பிப் பார்த்ததுமே புரிந்தது. பின்பக்கத்தில் கேமரா புடைத்துக்கொண்டிருந்தது. 140 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு முனை 2 மில்லிமீட்டர் உயர்ந்தாலே 0.8 பாகை ஆகிவிடும். செயலியின் மேல் பழி போட இருந்தேன்!

இதே உத்தியால் உங்கள் முடுக்கமானியையும் சோதிக்கலாம். மலேசியா நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே ஈர்ப்பு முடுக்கம் ஏறக்குறைய 9.78, துருவங்களில் 9.83. மாணவன் கண்ட 9.86 நம் ஊருக்குச் சற்று அதிகம். கைப்பேசியைத் திரை மேலாக ஒரு முறை, திரை கீழாக ஒரு முறை மேசையில் வைத்து இசட் எண்ணைக் குறியுங்கள். அவனுக்கு 9.86, -9.70 என்று வந்தது. குறியை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் 9.78. மீதி 0.08 உணரியின் சொந்தப் பிழை.

மின்தூக்கியில்

அவன் வீடு 14ஆம் மாடியில். கைப்பேசியை மின்தூக்கியின் தரையில் வைத்து, யாரும் மிதித்துவிடாமல் காலால் வேலி போட்டு நின்று, கீழிருந்து மேல்வரை பதிவு செய்தான். புறப்படும்போது கோடு 10.6 வரை உயர்ந்தது. இரண்டு வினாடியில் 9.8க்குத் திரும்பியது. அதன்பிறகு மாடி மாடியாகக் கடந்தபோதும் கோடு அசையவில்லை. சீரான வேகத்தில் போகும் மின்தூக்கிக்கும் அசையாமல் நிற்கும் மேசைக்கும் கைப்பேசியால் வேறுபாடு காண முடியவில்லை. நியூட்டனின் முதல் விதி அந்த நேர்கோட்டில் இருந்தது. மேலே நெருங்கியபோது 9.1க்கு இறங்கி, பிறகு 9.8. படிவம் ஐந்தில் வரும் மின்தூக்கிக் கணக்குகளை அவன் ஓராண்டு முன்னதாகவே முடித்துவிட்டான்.

அந்த வரைபடத்தைத் தாளில் வரைந்து கொண்டுவந்து காட்டியபோது இன்னொன்றும் கேட்டான்.

"டீச்சர், போனை மேல தூக்கிப் போட்டா, உச்சியில ஒரு கணம் நிக்குமே, அப்ப என்ன காட்டும்? 9.8ஆ, சுழியமா?"

இந்த முறை நான் உடனே பதில் சொல்லவில்லை. வகுப்பிடமே கேட்டேன். பாதிப் பேர் 9.8க்குக் கை தூக்கினார்கள். 'அப்போது அது அசையாமல் நிற்கிறதே' என்பது அவர்கள் வாதம். மீதிப் பேர் சுழியம் என்றார்கள். காரணம் கேட்டால் இருவரால்தான் சொல்ல முடிந்தது. நீங்கள் எந்தப் பக்கம்? முதலில் பதிலையும் காரணத்தையும் தாளில் எழுதி வையுங்கள். பிறகு மெத்தைமேல், ஒரு முழ உயரத்துக்கு மட்டும், சுழலாமல் போட்டுப் பிடியுங்கள். உங்கள் கைப்பேசியை மட்டும், அம்மாவுடையதை அல்ல.